சத்தம் கேக்குது தம்பி, சொல்லுத்தான் விளங்கேல்லை

2011இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு அம்மன் கோயில் திருவிழா. வெளிவீதியில் தகரப் பந்தல், நாற்பது மீற்றர் நீளம் இருக்கும். இரவில் புராணப் படிப்பு. ஒருவர் பாட்டைப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள் சொல்வார். ஆளுக்கொரு மைக். மேடையின் இரண்டு பக்கமும் பெரிய பொக்ஸ், வீதியைச் சுற்றிக் கம்பங்களில் ஹோர்ன் ஸ்பீக்கர்கள். மிக்சரில் நான்.

மூன்றாம் நாள் படிப்பு முடிந்து சனம் எழும்பிப் போகும்போது ஒரு அம்மா என்னிடம் வந்தார். எண்பது வயது இருக்கும். பந்தலின் கடைசியில் தூணோடு சாய்ந்து மூன்று நாளும் இருந்தவர். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "சத்தம் கேக்குது தம்பி, சொல்லுத்தான் விளங்கேல்லை."

அந்த மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. கிராபிக் ஈக்யூவின், அதாவது ஒவ்வொரு சுரப்பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியின், 31 தண்டுகளையும் மாறி மாறித் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். குரலில் கனம் வேண்டும் என்று கீழ்ப்பக்கத்தைக் கூட்டினேன். தெளிவு வேண்டும் என்று மேல்பக்கத்தைக் கூட்டினேன். நடுவை இறக்கினேன். பார்க்க ஆள் சிரிக்கிற வாய் மாதிரி வடிவாக இருக்கும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த முக்கால்வாசி மிக்சர்களில் ஈக்யூ அப்படித்தான் நின்றது. பின்னுக்குக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் சத்தத்தைக் கூட்டினேன்.

நான்காம் நாள் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணை கும்பிட வந்தார். 2003இல் அவரிடம்தான் வயர் சுற்றுகிற பெடியனாகச் சேர்ந்தேன். விசயத்தைச் சொன்னேன். அவர் மிக்சரைப் பார்க்கவே இல்லை. "வா, நடப்பம்" என்று கையைப் பிடித்துப் பந்தலின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா இருந்த தூணடியில் நின்று கேட்டோம். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்டது. ஒன்று முடிவதற்குள் மற்றது அதன் மேல் விழுந்தது. அண்ணை நேரே போய், பந்தலுக்குக் கிட்ட நின்ற இரண்டு ஹோர்ன்களின் வயரைக் கழற்றிவிட்டு வந்தார். சொல் தனியாக வந்து நின்றது. பயன் சொல்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

காரணம் சிக்கலானது இல்லை. முப்பது பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். தூணுக்குப் பத்து மீற்றரில் நின்ற ஹோர்னின் சத்தம் 29 மில்லிசெக்கனில் காதுக்கு வந்துவிடும். வயரில் மின்சாரம் போக நேரம் எடுக்காது, அதனால் மேடைப் பொக்ஸும் ஹோர்னும் ஒரே நேரத்தில்தான் பேசுகின்றன. ஆனால் மேடைப் பொக்ஸ் நாற்பது மீற்றருக்கு அங்கால் இருக்கிறது. அதன் சத்தம் வர 115 மில்லிசெக்கன். இடைவெளி முப்பது, நாற்பது மில்லிசெக்கனுக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். எண்பதைத் தாண்டினால் பேச்சு இரண்டாக உடையும். இதை எந்த ஈக்யூவாலும் திருத்த முடியாது. நான் மூன்று நாளாக நேரத்தில் இருந்த பிழையைச் சுரத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வருடம் அதே பந்தலில் 22 மீற்றர் தள்ளி இரண்டு சின்னப் பொக்ஸ் வைத்தேன். 22 மீற்றருக்கு 63 மில்லிசெக்கன் டிலே, அதாவது அந்தப் பொக்ஸ் அவ்வளவு பிந்திப் பேசும். அதோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு கூட்டி 75 வைத்தேன். அப்படிச் செய்தால் மேடைச் சத்தம் காதுக்கு முதலில் வரும், பக்கத்துப் பொக்ஸ் பின்னால் வந்து தாங்கும். கேட்பவருக்குக் குரல் மேடையிலிருந்து வருவது போலவே இருக்கும். முன் பொக்ஸின் சத்தத்தையும் இறக்க முடிந்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தரமும் 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரே இடத்திலிருந்து கடைசி ஆள்வரை தள்ளப் பார்த்தால் முன்வரிசையில் இருப்பவர்களின் காதுதான் போகும்.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒரு ஒழுங்கு வந்தது. முதலில் நடப்பேன். பிறகு பொக்ஸ் நிற்கும் இடம், பிறகு மைக் நிற்கும் இடம், பிறகு கெயின், அதாவது மைக்கில் வருவதை மிக்சர் எவ்வளவு பெருக்கி உள்ளே எடுக்கிறது என்பது. கடைசியாகத்தான் ஈக்யூ.

கெயினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு ஒரு ஹோர்னின் உள்ளே அதிரும் டயபிரம் எரிந்தால் மாற்றுவதற்குக் கொழும்பிலிருந்து சாமான் வர வழியில்லை. சத்தம் எல்லை மீறினால் மிக்சரில் எரியும் சிவப்பு லைற்றை அண்ணை ஒருதரம்கூட எரிய விடமாட்டார். உச்சி வெட்டுப்பட்ட சத்தம்தான் ஹோர்னை எரிக்கும் என்பார். அப்போது அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இன்று டிஜிற்றல் மிக்சரில் குரலைச் சராசரியாக மைனஸ் 18இல், அதாவது உச்ச எல்லைக்கு 18 டெசிபல் கீழே வைத்து மேலே இடம் விடும்போது அவரைத்தான் நினைக்கிறேன். புராணம் படிப்பவர் உருகி உயர்த்தும் இடத்தில் அந்த மிச்ச இடம் தேவைப்படும்.

மைக்கின் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர் இருந்ததை 15 ஆக்கினால் 6 டெசிபல் சும்மா கிடைக்கும். ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்து எழுப்பும் கூவலும் ஏறாது. ஆனால் இங்கே பெரியவர்கள் மைக்கை விட்டுத் தள்ளி இருந்துதான் பேசுவார்கள். மைக்கில் வாயை வைப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம். சவுண்ட்காரன் கீழே இருந்து "ஐயா, கிட்ட வாங்கோ" என்று சபைக்கு முன்னால் சொல்லக்கூடாது. நான் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன், இரண்டு தரமும் அவர் முகம் மாறியது, பேச்சும் குழம்பியது. இப்போது தொடங்குவதற்கு முதல் மேடைக்குப் போய், கும்பிட்டு, அவர் வழமையாக எப்படி இருப்பார் என்று பார்த்து ஸ்ராண்டைத்தான் நகர்த்துவேன். ஆள் மைக்குக்கு வரத் தேவையில்லை.

கிட்ட வந்தால் வேறு ஒரு விளைவும் உண்டு. முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியோயிட் மைக் கிட்டப் போகப் போகக் கீழ்ச்சுரத்தைப் பெருப்பிக்கும். ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகும். இங்கேதான் ஈக்யூவுக்கு முதல் வேலை. பேச்சு மைக் ஒவ்வொன்றிலும், அடிச்சுரத்தை வெட்டும் லோ கட்டை 100 அல்லது 120 ஹேர்ட்ஸில் போடுங்கள். மேடைப் பலகையில் நடக்கும் சத்தம், காற்று, மைக் பிடியைத் தட்டும் சத்தம் எல்லாம் அதோடு போய்விடும். பிறகு 200க்கும் 400க்கும் இடையில் தேடி 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். அந்தக் குடம் அங்கேதான் இருக்கிறது. 500 பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தம். 800 முதல் ஆயிரம் வரை மூக்கால் பேசுவது போல இருக்கும். சொல்லின் விளிம்பு இருப்பது 2 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேலே.

இதைத் தமிழில் யோசித்தால் சுலபமாகப் பிடிபடும். உயிரும் மெல்லினமும் கீழே இருக்கின்றன, அவற்றில்தான் சத்தத்தின் பலம். வல்லினத்தை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மையில் பெரும்பகுதி 2 முதல் 5 கிலோ ஹேர்ட்ஸில் இருக்கிறது. அது மங்கினால் பத்து எது, பட்டு எது என்று காது தடுமாறும். நான் சிரிக்கிற வாய் போட்டு நடுவை இறக்கியபோது வல்லினத்தைத்தான் அறுத்திருக்கிறேன். சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. அந்த அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

அதற்காக 3 கிலோவைத் தூக்கிவிடவும் வேண்டாம். கீழே அடைத்துக்கொண்டிருப்பதை எடுத்தால் மேலே இருப்பது தானாகத் தெரியும். நான் கூட்டுவது மிகவும் குறைவு. கூட்டினால் அகலமாக, இரண்டு டெசிபலுக்குள். குறைப்பது ஒடுக்கமாக. 6, 7 கிலோவில் ச, ஸ சீறினால் அதையும் அளவோடு இறக்குவேன், அதிகம் இறக்கினால் பேசுபவர் பல்லில்லாதவர் போல ஆகிவிடுவார்.

இந்த இடங்களைக் காதால் அடையாளம் காண நான் பழகிய விதம் இது. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஹெட்போனில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கூட இருக்கும் பெடியனை ஏதாவது ஒரு தண்டை 6 டெசிபல் உயர்த்தச் சொல்வது. எது என்று நான் சொல்ல வேண்டும். முதல் கிழமை எல்லாமே பிழை. இரண்டு மாதம் நாளுக்குப் பத்து நிமிடம் செய்த பிறகு ஒரு தண்டு இங்கால் அங்காலாகச் சொல்ல வந்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் மிக்சர் வாங்க முதல் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கூவலுக்கு வருவோம். சனம் வரமுதல் மைக்கை மெல்ல மெல்ல ஏற்றி, எது முதலில் கூவுகிறதோ அந்த இடத்தை ஒடுக்கமாக 3 டெசிபல் இறக்கி, திரும்ப ஏற்றி, அடுத்ததைப் பிடிப்பது எல்லோரும் செய்வது. நான் மூன்று, நான்கோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேலும் கூவினால் குற்றம் ஈக்யூவில் இல்லை. பத்துத் தண்டை இறக்கினால் மொத்தச் சத்தத்தையே இறக்கியதுதான், குரலும் செத்துவிடும். மேடையில் இருப்பவர் தன் சத்தத்தைக் கேட்க வைக்கும் பொக்ஸான மொனிற்றர் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். கார்டியோயிட் மைக்குக்கு நேர் முதுகில் காது இல்லை, அதனால் மொனிற்றர் அதன் பின்னால் நேராக இருக்கலாம். இன்னும் ஒடுக்கமாகக் கேட்கும் சுப்பர் கார்டியோயிட்டுக்கு முதுகில் கொஞ்சம் கேட்கும், முன்பக்கத்திலிருந்து 126 பாகை அளவில் பக்கவாட்டில்தான் கேட்காது, அங்கேதான் மொனிற்றரை வைக்க வேண்டும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்தையும் கேட்கத் தொடங்கிவிடும்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையும் முக்கியம். அது இரட்டிக்கும் ஒவ்வொரு தரமும் கூவலுக்கு முன் உங்களுக்கு இருக்கும் இடத்தில் 3 டெசிபல் போய்விடும். பட்டிமன்றத்தில் எட்டு மைக்கையும் திறந்து வைத்தால் 9 டெசிபலை எறிந்துவிட்டீர்கள். நடுவருடையதும் பேசுபவருடையதும் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கட்டும். அதற்காக யார் எழும்பப் போகிறார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், போனைப் பார்க்க நேரம் இராது.

கர்நாடகக் கச்சேரி எனக்கு மிகவும் பிடித்த வேலை, பயமான வேலையும். முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் பாட்டு ரீச்சர்மார். குரலை முதலில் நிறுத்துகிறேன். மற்ற எல்லா மைக்கையும் மூடி, குரல் மட்டும் கடைசி வரிசைவரை போகிறதா என்று பார்த்த பிறகு வயலின். வயலினுக்கு மேலே இருந்து 30, 40 சென்ரிமீற்றரில் ஒரு மைக். கிட்ட வைத்தால் வில்லின் உரசல்தான் வரும். 3 கிலோ பக்கம் காதைக் கீறினால் அங்கே கொஞ்சம் இறக்குவேன், அந்த இடத்தில்தான் பாடுபவரின் சொல்லும் இருக்கிறது என்பதால் இரண்டுக்கும் நல்லது.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மைக் கிடைத்தால் பெரிய வசதி. வலந்தலையின் நாதம் தம்புராவோடு சேர்கிற அந்த மணிச்சத்தத்தைக் கெடுக்கக்கூடாது, நான் அதில் ஈக்யூவைத் தொடுவதில்லை என்றே சொல்லலாம். இடந்தலையின் கனத்த கும்கி நாதம்தான் மண்டபத்தில் உருளும். 100 ஹேர்ட்ஸ் பக்கம் உருளத் தொடங்கினால் எல்லோரும் மாஸ்ரரில், அதாவது எல்லாம் சேர்ந்து போகும் இடத்தில் குறைப்பார்கள். அப்போது குரலின் அடியும் போய்விடும். அடிச்சுரத்துக்கென்று இருக்கும் சப் பொக்ஸுக்குத் தனி வழி போட்டு, இடந்தலை மைக்கை மட்டும் அதற்கு அனுப்புங்கள். குரல், வயலின், பேச்சு எதுவும் சப்புக்குப் போகக்கூடாது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எத்தனையோ மண்டபங்கள் எனக்கு வசமாகியிருக்கின்றன.

மேடையில் இருந்து வரும் வேண்டுகோள் எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, என்ரை சத்தம் எனக்குக் கேக்கேல்லை." உடனே கூட்டாதீர்கள். அவருடைய மொனிற்றரில் வேறு என்ன போகிறது என்று பார்த்து அதை இறக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அடுத்த வேண்டுகோள், "எக்கோ கொஞ்சம் போடுங்கோ." சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் உள்ள மண்டபத்தில் கடவுளே எக்கோ போட்டுத்தான் வைத்திருக்கிறார். பாடுபவரின் மனத் தெம்புக்காக மொனிற்றரில் மட்டும் கொஞ்சம் கொடுப்பேன். பாட்டு முடிந்து அவர் பேச வாய் திறந்ததும் எக்கோ மூடியிருக்க வேண்டும்.

நாதஸ்வரம், தவில் விசயத்தில் இங்கே தவறவே முடியாது. இணுவிலும் அளவெட்டியும் இந்த வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர்கள். தவில் எப்படிக் கேட்க வேண்டும் என்று அங்கே சைக்கிளில் போகிற ஐயாவுக்கும் தெரியும். உள்வீதியில் மைக்கே வைக்காதீர்கள். வெளிவீதியில் வைத்தே ஆகவேண்டும் என்றால், நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரே வைக்காமல், ஒரு மீற்றர் தள்ளி, விரல் துளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். சத்தம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. கிட்ட வைத்த மைக்கில் சில சுரம் பாயும், சில சுரம் ஒளிந்துகொள்ளும். தவிலுக்கும் அப்படியே, தள்ளி. உங்கள் வேலை தூரத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் உதவி செய்வதுதான், கூட்டு மேளத்தைப் பெருப்பிப்பது இல்லை.

பின்னேரம் வெறும் மண்டபத்தில் செக் பண்ணி எல்லாம் சரி என்று நினைத்து, இரவு சனம் வந்ததும் சத்தம் மங்கிப் போன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். உடுப்பும் உடம்பும் மேல்சுரங்களைத்தான் அதிகம் உறிஞ்சும். அதனால் வெறும் மண்டபத்தில் கூசுகிறது என்று 4 கிலோவை இறக்காதீர்கள், அதைச் சனம் வந்து இறக்கும். சனம் நிறைந்த பிறகு முதல் பத்து நிமிடம் திரும்பவும் நடக்க வேண்டும். ரப்லெற் இருந்தால் மிக்சரையே கையில் கொண்டு நடக்கலாம், இந்தக் காலத்துப் பெடியளுக்குக் கிடைத்த வரம் அது.

இரைச்சல். ஒருமுறை ஒரு திருமண மண்டபத்தில் 50 ஹேர்ட்ஸையும் 100 ஹேர்ட்ஸையும் அடியோடு இறக்கியும் இரைச்சல் போகவில்லை. மேடைக்கு ஜெனரேற்றர் கரண்ட், மிக்சருக்கு மண்டபத்துக் கரண்ட். இரண்டு இடத்து எர்த்தும் சிக்னல் வயர் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததும் நின்றுவிட்டது. அப்படி எடுக்க முடியாத இடத்தில், வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் அந்த எர்த் சுற்றை அறுக்கும் கிரவுண்ட் லிப்ற் சுவிச் இருக்கிறது. பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் வெட்டாதீர்கள். 230 வோல்ற் மைக் வழியாகப் பாடுபவரின் உதட்டுக்கு வரும். மழை ஈரத்தில் நனைந்த கோயில் வீதியில் இதை யாராவது செய்தால் நான் சண்டை பிடிப்பேன்.

சத்தத்தின் அளவு பற்றியும். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தெளிந்த இரவில் நிலத்தோடு குளிர்ந்த காற்றும் அதன் மேலே சூடான காற்றும் நிற்கும். மேலே போகிற சத்தம் வளைந்து கீழே வரும். பகலில் இரண்டு தெருவோடு நின்ற ஹோர்ன் இரவில் அடுத்த ஊர்வரை போகும். அங்கே ஏஎல் பிள்ளை படிக்கும், நோயாளி படுத்திருப்பார். ஹோர்னின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினால் வீதியில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், ஊர் தாண்டாது. கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை, பிறகு ஒருவரும் ஏணி எடுக்கமாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சிகளுக்கு வைத்த எல்லை, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். இசைக்குழு நிகழ்ச்சிகளில் பொக்ஸுக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளும், பக்கத்தில் நிற்கும் நாங்களும் இதைப் பல வருடம் தாண்டித்தான் நின்றோம். போன வருடம் எனக்கு இடது காதில் விட்டு விட்டு ரீங்காரம். காதுப் பரிசோதனை செய்தேன். டொக்டர் காட்டிய கோடு 3 கிலோவரை நேராக வந்து, 4 கிலோவில் ஒரு குழியில் விழுந்து, பிறகு மேலே ஏறியது. சத்தத்தால் கெடும் காது அந்த இடத்தில்தான் முதலில் கெடுமாம். போன காது திரும்ப வராது என்றும் சொன்னார்.

இப்போது காதுக்கு அடைப்பான் போட்டுத்தான் பொக்ஸ் கிட்டப் போகிறேன், கூட வேலை செய்கிற பெடியனுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். புராணப் படிப்புக்கு மைக் சரிபார்க்கும்போது கீழ்ப்பக்கத்தை நானே பார்த்துக்கொள்வேன். 4 கிலோவுக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டு, "கடைசித் தூணடியிலை போய் நிண்டு கேள், பத்து எண்டு சொல்லுறாரோ, பட்டு எண்டு சொல்லுறாரோ" என்று அனுப்புகிறேன். அவன் அங்கிருந்து கையைக் காட்டும்வரை தண்டில் இருந்து விரலை எடுப்பதில்லை.